இருபது முடிச்சுக் கயிறு - ஒரு மருந்துக் கடைக்காரரும் ஒரு வாக்கியமும்

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "என்னால் முடியும்" என்று மூன்று முறை சொல்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் இளைஞர் கண்ணாடி முன் நின்று "நான் தைரியமானவன்" என்று முணுமுணுக்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு பாசிட்டிவ் அஃபர்மேஷன் என்று பெயர். தமிழில் நேர்மறை வாசகம் என்று வைத்துக் கொள்ளலாம். இன்று இதற்குப் புத்தகம் உண்டு, அட்டைக் கட்டு உண்டு, செல்பேசிச் செயலி உண்டு. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி முகாமும் உண்டு.

ஆனால் இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அதற்காக யாரிடமும் காசு வாங்கவில்லை. அவர் மனநல மருத்துவர் இல்லை, சாமியாரும் இல்லை. பிரான்ஸ் நாட்டில் மருந்துக் கடை வைத்திருந்தவர். பெயர் எமில் கூவே. அவர் என்ன சொன்னார், அது கடல் தாண்டிப் போனபோது எப்படி மாறியது என்பது சுவாரசியமான வரலாறு. குழந்தை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது.

மருந்துக் கடையில் கிடைத்த பாடம்

எமில் கூவே 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி பிரான்சின் ட்ருவா நகரில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். வசதியான குடும்பம் இல்லை. கூவேக்கு வேதியியல் ஆராய்ச்சியாளர் ஆக ஆசை. ஆனால் வீட்டு நிலைமைக்கு அது ஒத்துவராது, மருந்தாளுநர் படிப்பு படித்தால் சோற்றுக்குக் கவலை இல்லை என்றார் அப்பா. மகனும் ஒத்துக்கொண்டார். படிப்பை முடித்து ட்ருவா நகரிலேயே கடை நடத்தினார்.

கடையில் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மருந்துப் புட்டியைச் சும்மா எடுத்துக் கொடுத்தால் ஒரு விதமாகவும், "இது ரொம்ப நல்ல மருந்து, நிச்சயம் கேட்கும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுத்தால் வேறு விதமாகவும் பலன் இருந்தது. மருந்து ஒன்றுதான். ஆனால் நல்ல வார்த்தையோடு வாங்கிப் போனவர்கள் சீக்கிரம் தேறினார்கள்! இன்று மருத்துவத்தில் 'பிளாசிபோ விளைவு' என்று சொல்வதற்கு இது மிக நெருக்கமானது.

வியாபாரி ஒருவர் இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வார்? புட்டியின் மேல் அந்த வாசகத்தை அச்சடித்து விலையை ஏற்றுவார். கூவே வேறு கேள்வி கேட்டார். நோயாளியைக் குணப்படுத்துவதில் அந்த வார்த்தைக்கும் பங்கு இருக்கிறது என்றால், அதை அவரே தனக்குச் சொல்லிக்கொள்ள முடியாதா?

நான்சி நகரத்து ஆசான்கள்

கூவே 1884-ல் லூசி லெமுவான் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் வீடு நான்சி நகரில். அந்தத் தொடர்பால் 1885-ல் லியேபோ என்ற மருத்துவரின் அறிமுகம் கிடைத்தது.

லியேபோவும் ஒரு வித்தியாசமான மனிதர். ஏழைக் குடியானவர்களுக்கு வைத்தியம் பார்த்த அவர், வழக்கமான வைத்தியம் வேண்டுமானால் பணம் கொடுங்கள், ஹிப்னாடிசத்துக்குச் சம்மதித்தால் இலவசம் என்று சொல்லி நோயாளிகளைச் சேர்த்தார். நான்சி பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ன்ஹைம் 1882-ல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் படித்த உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இந்த இருவரையும் சேர்த்தே 'நான்சி பள்ளி' என்று சொல்வார்கள். ஹிப்னாடிசத்தில் மந்திரமும் இல்லை, காந்த சக்தியும் இல்லை, காதில் விழும் சொல்லை மனம் ஏற்றுக்கொள்வதுதான் விஷயம் என்பது அவர்கள் கட்சி.

1901-ல் கூவே அமெரிக்காவிலிருந்து ஹிப்னாடிசத் தபால் வழிப் பாடம் ஒன்றையும் வரவழைத்துப் படித்தார். வியாபாரத்திலும் வாழ்க்கையிலும் வெற்றி தருவதாக விளம்பரம் செய்யப்பட்ட பாடம் அது. கூவே அதிலிருந்து எடுத்துக்கொண்டது வியாபார வெற்றியை அல்ல, செய்முறையை மட்டும். ஆனால் போகப் போக அவருக்கு ஒன்று புரிந்தது. எல்லோரையும் தூங்க வைக்க முடியவில்லை. தூங்க வைக்கத் தேவையும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் சொல்லும் சொல், கேட்பவர் அதைத் தன் சொல்லாக ஏற்றுக்கொண்டால்தான் வேலை செய்கிறது. அப்படியானால் வசியக்காரர் எதற்கு?

இதற்குத்தான் ஆட்டோ சஜஷன் என்று பெயர். அதாவது தனக்குத்தானே சொல்லி மனதில் ஏற்றிக்கொள்வது. 1910-ல் கூவே நான்சியில் குடியேறித் தன் வீட்டிலேயே இலவசமாக இதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 1913-ல் இதற்கென ஒரு சங்கமும் அமைத்தார்.

முடிச்சு எதற்கு?

கூவே சொன்ன முறை மிக எளிமையானது. ஒரு கயிற்றில் இருபது முடிச்சு போட வேண்டும். காலையில் விழிப்பு வந்ததும், இரவு தூக்கம் வருவதற்கு முன்பும், கண்ணை மூடிக்கொண்டு ஒரே வாக்கியத்தை இருபது முறை சொல்ல வேண்டும். நாளுக்கு நாள், எல்லா வகையிலும், தான் மேலும் மேலும் நன்றாகி வருவதாக. தன் காதுக்குக் கேட்கும் அளவு முணுமுணுத்தால் போதும். கயிறு எண்ணிக்கைக்காக மட்டும்தான். ஜெபமாலை உருட்டுவது போல விரல் எண்ணிக்கொள்ளும், மனம் எண்ண வேண்டியதில்லை.

மனம் எண்ணக்கூடாது என்பதில் கூவே ஏன் இவ்வளவு கவனமாக இருந்தார்? அங்கேதான் அவருடைய முக்கியமான கருத்து இருக்கிறது. மன உறுதியும் கற்பனையும் மோதினால் எப்போதும் கற்பனைதான் ஜெயிக்கும் என்றார் அவர். அதற்கு அவர் சொன்ன உதாரணம் ஒரு பலகை. தரையில் கிடக்கும் நீளமான பலகையின் மேல் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அதே பலகையைக் கோபுர உயரத்தில் வைத்தால்? கால் அதே கால், பலகை அதே பலகை. ஆனால் "விழுந்துவிடுவேன்" என்ற படம் மனதில் ஓடுகிறது. எவ்வளவு பல்லைக் கடித்தாலும் இரண்டடி வைக்க முடியாது. தூக்கம் வராதவரும் அப்படித்தான். தூங்கியே தீர வேண்டும் என்று முயன்றால் இன்னும் அதிகமாக விழித்துக்கொண்டு கிடப்பார்.

அதனால் வாக்கியத்தை வீராப்பாகச் சொல்லக்கூடாது, சண்டை போடுவது போலச் சொல்லக்கூடாது, மெதுவாக, முயற்சியே இல்லாமல் சொல்ல வேண்டும் என்றார் கூவே. மனதை அதட்டினால் அது எதிர்த்துப் பேசும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூவேயின் வாக்கியம் "நான் நலமாக இருக்கிறேன்" என்று சொல்லவில்லை. "நன்றாகி வருகிறேன்" என்கிறது. காய்ச்சலில் படுத்திருப்பவர் முதலாவதைச் சொன்னால் அவர் உடம்பே அதை மறுக்கும். இரண்டாவதை மறுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

தன் எல்லை எது என்பதும் கூவேக்குத் தெரிந்திருந்தது. தான் யாரையும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்திக்கொள்ள அவர்களுக்கு வழி காட்டுவதோடு சரி என்று சொல்லி வந்தார். மருந்தை நிறுத்து, மருத்துவரிடம் போகாதே என்று அவர் சொன்னதில்லை. மருந்துக் கடைக்காரர் அல்லவா!

தொட்டில் ஓரத்தில்

நான்சியில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அதை நடத்தியவர் காஃப்மான் என்ற பெண்மணி. குழந்தையை மடியில் வைத்து, வலிக்கும் இடத்தைத் தடவியபடி, சரியாகி வருகிறது என்று இதமான குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். இதை நேரில் பார்த்த ஹாரி புரூக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1922-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இந்தக் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். கீழே விழுந்து அழும் குழந்தையின் முட்டியைத் தேய்த்துவிட்டு "ஒண்ணுமில்லடா, சரியாப் போச்சு" என்று சொல்லும் நம்மூர்ப் பாட்டிக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

பெற்றோர்களுக்கு கூவே சொன்ன யோசனை இன்னும் அழகானது. குழந்தை தூங்கிய பிறகு சத்தம் போடாமல் அறைக்குள் போய், கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்று, அந்தக் குழந்தையிடம் காண விரும்பும் நல்ல விஷயங்களைக் கிசுகிசுப்பான குரலில் பதினைந்து இருபது முறை சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். தூங்கும் குழந்தையின் மனதில் அது எவ்வளவு ஏறும் என்பது வேறு விஷயம். ஆனால் பகலெல்லாம் கத்திய அப்பா, இரவில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நல்லதை மட்டும் இருபது முறை சொன்னால், மறுநாள் காலை அந்த அப்பாவிடம் கொஞ்சமாவது மாற்றம் இருக்காதா?

பகலுக்கும் அவரிடம் யோசனை இருந்தது. குழந்தையைப் பூச்சாண்டி காட்டி மிரட்டாதீர்கள். சோம்பேறி, எதற்கும் லாயக்கில்லை என்று திட்டாதீர்கள். எந்தக் குறையைச் சொல்லித் திட்டுகிறீர்களோ அந்தக் குறையே அவனுக்குள் வளரும் என்றார். சரியாகப் படிக்காத பையனிடம் ஒரு நாள், இந்தத் தடவை வழக்கத்தை விட நன்றாகச் செய்திருக்கிறாய் என்று சொல்லிப் பாருங்கள், அது உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த முறை நிச்சயம் நன்றாகச் செய்வான் என்பது அவர் வாதம்.

உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை... கூவே சொன்னதிலேயே ஆபத்தான இடம் இதுதான். பின்னால் வந்தவர்கள் பெரிதாக வளர்த்ததும் இதைத்தான்.

சிறையில் ஒரு மொழிபெயர்ப்பு

எண்ணத்தைப் பற்றி அந்தக் காலத்தில் யோசித்தவர் கூவே மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆலன் என்பவர் 1903-ல் எழுதிய சிறு நூல் ஒன்று, மனிதனின் எண்ணமே அவன் வாழ்க்கையை உருவாக்குகிறது என்றது. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை அதை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அவர் 1908 முதல் 1912 வரை சிறையில் இருந்த காலத்து வேலை அது. கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர், மனம் போல வாழ்வு என்று எழுதினார்! செக்கு லேசாகிவிடும் என்று நம்பும் அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. கஷ்டத்தை இல்லை என்று மறுக்க அவருக்கு அந்தச் சொற்கள் தேவைப்படவில்லை. கஷ்டத்துக்கு நடுவே உடைந்து போகாமல் இருக்கத் தேவைப்பட்டன. இந்த வேறுபாடு பின்னாளில் மறைந்துவிட்டது.

கடல் தாண்டிய வாக்கியம்

கூவேயின் புத்தகம் 1920-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வந்தது. இங்கிலாந்து முழுக்க அவர் பெயர் பரவியது. 1923 ஜனவரியில் அமெரிக்கா போனார். அற்புதம் செய்யும் மனிதர் வந்துவிட்டார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. தான் அற்புதம் எதுவும் செய்வதில்லை என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் தபாலில் பாடம் வாங்கிய அதே நாட்டுக்கு, இப்போது ஒரு வாக்கியத்தைக் கொண்டு போனார் கூவே. பத்திரிகைகளில் புகழ்ச்சி எவ்வளவு வந்ததோ, கேலியும் அவ்வளவு வந்தது.

1926 ஜூலை 2-ஆம் தேதி நான்சியில் கூவே காலமானார். அவரைச் சுற்றி எழுந்த அலையும் மெல்ல அடங்கியது. ஆனால் வாக்கியம் சாகவில்லை. 1980-ல் ஜான் லெனன் தன் சின்ன மகனுக்காக எழுதிய தாலாட்டுப் பாட்டில்கூட அது எட்டிப் பார்க்கிறது.

அமெரிக்காவில் அந்த விதை வேறு மரங்களாக வளர்ந்தது. 1952-ல் நார்மன் வின்சென்ட் பீல் என்ற பாதிரியார் நேர்மறைச் சிந்தனை பற்றி எழுதிய புத்தகம் பெரும் விற்பனை கண்டது. 1984-ல் லூயிஸ் ஹே எழுதிய புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ன நோய்க்கு இன்ன எண்ணம் காரணம் என்று பட்டியலே போட்டது. கூவேயின் கதவு வழியாக நுழைந்தவர்கள் கூவே போகாத இடத்துக்குப் போய்விட்டார்கள். எண்ணம்தான் நோயைக் கொண்டு வந்தது என்றால், படுக்கையில் கிடப்பவர் தன் நோய்க்குத் தானே குற்றவாளி ஆகிவிடுகிறார். வலியோடு பழியும் சேர்ந்துகொள்கிறது. ஆறுதலுக்குப் பிறந்த வாசகம் குற்றப்பத்திரிகையாக மாறிய இடம் இது.

அரசாங்கம் போட்ட கணக்கு

குழந்தைகள் விஷயத்திலும் இது நடந்தது. 1986-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு, மக்களின் சுயமதிப்பை வளர்க்க ஒரு குழுவைச் சட்டம் போட்டு அமைத்தது. இதற்குக் காரணமாக இருந்தவர் ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர். குற்றம், போதை, படிப்பில் பின்தங்குதல் எல்லாவற்றுக்கும் சுயமதிப்பு ஒரு தடுப்பூசி போல இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தன்னை மதிப்பவர்கள் நன்றாகச் சம்பாதித்து வரியும் அதிகம் கட்டுவார்கள், மாநில பட்ஜெட்டுக்கும் நல்லது என்று ஒரு கணக்கும் இருந்தது!

1990-ல் குழுவின் அறிக்கை வந்தது. பள்ளிகளில் "நான் சிறப்பானவன்" என்று எழுதுவதும் சொல்வதும் பரவியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே இதே திட்டத்துக்காகப் பேராசிரியர்கள் தொகுத்த நூலில், சுயமதிப்புக்கும் இந்தப் பிரச்சினைகளுக்கும் உள்ள தொடர்பு எதிர்பார்த்ததை விட மிகக் குறைவு என்ற விவரம் இருந்தது. 2003-ல் ராய் பாமைஸ்டரும் அவர் சகாக்களும் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சுயமதிப்பை ஏற்றினால் மதிப்பெண் ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்ததால் சுயமதிப்பு ஏறுவதும் நடக்கிறது என்று தெரிந்தது. வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டியிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கூவே

1998-ல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள். சிலரிடம் "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர் தரப்பட்டது. எல்லோரும் தடுமாறினார்கள். பிறகு மறுபடி எளிய புதிர். முயற்சியைப் பாராட்டப்பட்டவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் முதலில் வாங்கியதை விடக் குறைவாக வாங்கினார்கள். மதிப்பெண்ணை வேறு பிள்ளைகளுக்கு எழுதிச் சொல்லும்படி கேட்டபோது, அவர்களில் பலர் கூட்டி எழுதினார்கள். அந்தப் பட்டத்தைக் காப்பாற்ற ஒரு பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருந்தது!

பெரியவர்கள் விஷயத்தில் பேசப்படுவது 2009-ல் கனடாவில் ஜோன் வுட் குழுவினர் செய்த ஆய்வு. நான்கு நிமிடம் தங்கள் எண்ணங்களை எழுதச் சொன்னார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவன்" என்று பொருள்படும் வாக்கியத்தை மனதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ சொல்லச் சொல்ல மனநிலை இன்னும் கீழே போனது. 2020-ல் வெளிவந்த வேறொரு ஆய்வில் அந்தத் தீங்கு தென்படவில்லை என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் யாருக்கு ஆறுதல் அதிகம் தேவையோ அவர்களுக்கு அது உதவவில்லை என்பது யோசிக்க வேண்டியது. பலகை உயரத்தில் இருக்கும்போது "பயமில்லை" என்று கத்துவது போலத்தான் அது.

எது உதவியது? 2006-ல் ஜெஃப்ரி கோஹன் குழுவினர் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம், தங்களுக்கு முக்கியமான ஒன்றைப் பற்றி, அது குடும்பமோ நட்போ இசையோ, ஏன் முக்கியம் என்று சிறிது நேரம் எழுதச் சொன்னார்கள். நான் சிறந்தவன் என்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி சுமார் 40 சதவீதம் குறைந்தது. பிறகு மற்ற பள்ளிகளில் செய்தபோது சில இடங்களில் பலன் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதியது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மை. அதை மனம் மறுக்க வேண்டியிருக்கவில்லை.

கயிற்றில் மிச்சம் இருப்பது

நூறு ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால், கூவே இரண்டு விஷயத்தில் சரியாக இருந்தார். சொல்லை மென்மையாகச் சொல்ல வேண்டும் என்றார். "ஆகிவிட்டேன்" என்று சொல்லாமல் "ஆகி வருகிறேன்" என்று சொல்ல வேண்டும் என்றார். உண்மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற ஒரு விஷயத்தில் சறுக்கினார். பின்னால் வந்தவர்கள் சரியான இரண்டையும் விட்டுவிட்டுச் சறுக்கிய ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் புரியாதது இல்லை. "நான்தான் நம்பர் ஒன்" என்ற வாசகம் சட்டையில் அச்சடிக்க நன்றாக இருக்கும். "நேற்றை விட இன்று கொஞ்சம் பரவாயில்லை" என்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ஆனால் கணக்கில் தோற்று வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் உதவும். "நீதான் கெட்டிக்காரன்" என்று தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளை, 35 மதிப்பெண் வாங்கிய அன்று, வீட்டில் சொன்னது பொய்யா அல்லது தான்தான் ஏதோ கெட்டுவிட்டோமா என்று குழம்பி நிற்கும். "போன தடவை தப்பாப் போட்ட பின்னக் கணக்கை இந்தத் தடவை சரியாப் போட்டிருக்கே" என்று கேட்ட பிள்ளைக்கு அந்தக் குழப்பம் இல்லை. விடைத்தாளைத் திறந்தால் அதற்கான சாட்சி அங்கேயே இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்வதற்குப் பெரியவர்கள் அந்த விடைத்தாளை ஒரு முறையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்!

பெரியவர்களுக்கும் அதேதான். தூக்கம் வராத இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும் என்றால், அன்று நடந்த ஒரு சின்ன நல்ல விஷயம் போதும். மருந்தை மருந்தாகச் சாப்பிட்டுவிட்டு, வார்த்தையை வார்த்தையாக வைத்துக்கொண்டால் இரண்டாலும் பலன் உண்டு. அந்த மருந்துக் கடைக்காரர் புட்டியோடு சேர்த்துக் கொடுத்த நல்ல வார்த்தையும் அப்படித்தான் வேலை செய்தது. புட்டிக்குள் மருந்து இருந்தது.